செத்த பருத்திக்குக் காவல்

செத்துப்போன செடிக்கு யாராவது காவல் இருப்பார்களா? பால்பாண்டி இருந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பத்தைந்து நாள்! கையில் ஒரு வேலிக்கம்பு, தலையில் துண்டு, தூக்குச்சட்டியில் கூழ். காலையில் போய் வரப்பில் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை அங்கேயேதான். ஆடு வந்தால் விரட்டுவார். விறகு பொறுக்க வருகிற பெண்களை விரட்டுவார். காற்று பலமாக அடிக்கும்போது மட்டும் எதை விரட்டுவது என்று தெரியாமல் எழுந்து நிற்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகிற ரோட்டில் இறங்கி, கிழக்கே மூன்று மைல் நடந்தால் ஓடைப்புதூர். மேற்கே திரும்பிப் பார்த்தால் செண்பகத்தோப்பு மலை நீலமாகத் தெரியும். அங்கே மழை பெய்வதும் தெரியும். மலையில் பெய்கிற மழை ரோட்டையும் தாண்டி மூன்று மைல் கிழக்கே நகர்ந்து வர வேண்டும், அவ்வளவுதான். அந்த மூன்று மைலுக்குத்தான் ஊரே காத்துக்கிடக்கும். பால்பாண்டிக்கு இரண்டரை ஏக்கர் கரிசல். கிணறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. மேலே பார்த்து விதைக்க வேண்டும், மேலே பார்த்து அறுக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் அவர் வேறு எந்த வேலையும் செய்தது இல்லை. ஊரில் அவரைச் சம்சாரி என்பார்கள். நிலத்தில் பாடுபடுகிறவனுக்குக் கரிசல் பக்கத்தில் அதுதான் பேர். அந்த வருஷம் அந்தப் பேர் மிஞ்சுமா போகுமா என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கேள்வி.

1986 புரட்டாசிக் கடைசியில் பருத்தி விதைத்தார். விதையைச் சாணிக் கரைசலில் போட்டுப் புரட்டி, பஞ்சு ஒட்டாமல் தேய்த்து, வீட்டில் இருந்த கடைசி விதை வரை மண்ணுக்குள் அனுப்பினார். முளைத்தது. சாண் உயரம் வந்தது. ஐப்பசி முழுக்க ஒரு பொட்டு மழை இல்லை. கார்த்திகை பிறக்கும்போது செடிகள் நின்ற இடத்திலேயே நின்றபடி கருகியிருந்தன. தொட்டால் உதிரும்.

அந்த வாரம் அவருடைய மைத்துனன் பொன்னுராஜ் வந்தான். இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் வேலை. புதுச் சட்டை, கையில் வாட்ச். அக்கா சீனியம்மாள் போட்டுக் கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"அத்தான், மழையை நம்புனது போதும். தை பொறந்தா எங்க கம்பெனில ரெண்டு ஆளு எடுக்காக. மொதலாளிகிட்ட ஒமக்காகச் சொல்லி வச்சிருக்கேன்."

"அங்க வந்து நான் என்ன மாப்ள செய்ய?"

"பேண்டேஜ் துணிய வெளுக்கணும், காயப் போடணும், மடிக்கணும். அம்புட்டுத்தான்."

"பருத்தி வெதச்சவன் கட்டுத்துணி மடிக்கவா?"

"மடிக்கிறவனுக்குச் சனிக்கிழம சனிக்கிழம சம்பளம் வருது. வெதச்சவனுக்கு?"

சீனியம்மாள் அடுப்படியிலிருந்தே சிரித்தாள். "கேளுடா தம்பி, நல்லாக் கேளு. நான் கேட்டா மட்டும் இந்த மனுசனுக்குக் காது அடைச்சுக்கிடும்."

பால்பாண்டி எழுந்து வெளியே போனார். திரும்ப விதைக்கலாம் என்றால் விதை இல்லை. வாங்கக் கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள்தான் தலையாரி தமுக்கடித்துக்கொண்டு வந்தார். அந்தச் சத்தம் பால்பாண்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

"பருத்தி, சோளம் பாதிக்கு மேல பட்டுப்போன சிறு விவசாயிகளுக்குச் சர்க்கார் மறு விதைப்பு மானியம் குடுக்கு! ஏக்கருக்கு ஒரு பை வெத, நூத்தம்பது ரூவா ரொக்கம்! அதிகாரிக வந்து பாக்குற வரைக்கும் செடியப் பிடுங்கப்படாது, உழுகப்படாது, வேற எதும் வெதைக்கப்படாது! சொல்லிட்டேன், பொறவு எங்கிட்ட வந்து அழப்படாது!"

கடைசி வரி சர்க்கார் சொன்னது இல்லை. அது தலையாரியின் கைச்சரக்கு.

அன்று சாயங்காலமே பால்பாண்டி மைத்துனனிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். "மாப்ள, மானியம் வந்துச்சுன்னா நான் சம்சாரி. வரலைன்னா நீ சொல்லுத எடத்துக்கு வாரேன். தை வரைக்கும் பொறு."

"சர்க்காரையும் மழையையும் சேத்து நம்புதீரா அத்தான்? ஒண்ணை நம்புனதுக்கே இந்தக் கெதி."

அப்படித்தான் காவல் ஆரம்பித்தது. செத்த செடிதான் சாட்சி. அது விழுந்துவிட்டால் இங்கே பருத்தி இருந்தது என்று யார் நம்புவார்கள்? ஒரு செடி காற்றில் சாய்ந்தால்கூட நிமிர்த்தி, அடியில் மண்ணை அணைத்து நிறுத்தினார். உயிரோடு இருந்தபோது அந்தச் செடிகளுக்கு அவ்வளவு கவனிப்பு கிடைத்ததில்லை!

பக்கத்துக் காட்டுக்காரி கருத்தம்மாவுக்கு இதைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்புத் தாங்கவில்லை. பால்பாண்டிக்கு மதினி முறை. வரப்பில் நின்றுகொண்டு வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள்.

"என்ன கொழுந்தனாரே, பொணத்துக்கு வெசிறி வீசுதீரா?"

"ஒங்க காட்டுலயும் பொணந்தான நிக்கு மதினி?"

"நிக்கு. ஆனா நான் பக்கத்துல ஒக்காந்து ஒப்பாரி வைக்கலையே."

சீனியம்மாளுக்கு இது சிரிப்பாக இல்லை. பருத்திமார்தான் அந்த ஊரில் விறகு. காய்ந்த செடியை வேரோடு பிடுங்கி, கட்டி, தலைமேல் வைத்துக்கொண்டு வந்தால் அடுப்புக்கு மூன்று மாதம் கவலை இல்லை. இப்போது இரண்டரை ஏக்கர் மார் சொந்தக் காட்டில் நிற்க, அவள் ஓடைக்கரையில் முள் பொறுக்கினாள்.

"ஊருல இல்லாத கூத்து! எங் காட்டு மாரை நான் ஒடிக்கக் கூடாதா?"

"ஒரு குச்சியத் தொட்டேன்னா பாரு. எண்ணி வச்சிருக்கேன்."

"எண்ணுமய்யா எண்ணும். சோத்துக்கு அரிசி எம்புட்டு இருக்குன்னும் அப்படியே எண்ணிட்டு வாரும்."

கார்த்திகை பதினெட்டாம் தேதி மத்தியானம் மலைப்பக்கம் கறுத்தது. எல்லா நாளும் கறுப்பதுதானே என்று யாரும் தலை தூக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த மூன்று மைலை மழை கடந்து வந்துவிட்டது! இரண்டு நாள். நின்று நிதானமாகப் பெய்த மழை. கரிசல் குடித்துக் குடித்து உப்பியது. பால்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். கணுக்கால் வரை புதைந்தது. மண்ணைத் தோண்டிப் பார்த்தார். ஒரு முழத்துக்கு ஈரம்.

பருத்திக்குக் காலம் போய்விட்டது. ஆனால் கொத்தமல்லி போடலாம். கார்த்திகை ஈரத்தில் மல்லி விதைத்தால் மார்கழிப் பனியிலேயே வளர்ந்துவிடும், மாசியில் கையில் காசு. விதை மல்லி தருவதற்குக் கடைக்காரர் ஒருவர் தயாராக இருந்தார், விளைச்சலில் பாதி அவருக்கு என்று. ஆனால் கரிசல் ஈரம் காத்திருக்காது. ஐந்து நாள், மிஞ்சினால் ஆறு நாள். பிறகு மேல்மண் வெடித்துவிடும்.

விதைத்தால் மானியம் போய்விடும். விதைக்காவிட்டால் ஈரம் போய்விடும். மறுபடி விதைப்பதற்கு மானியம் தருகிறார்கள், அதற்காக மறுபடி விதைக்காமல் இருக்க வேண்டும்! இதை யாரிடம் போய்ச் சொல்லுவது?

அவர் வி.ஏ.ஓ. பீர் மைதீனிடம் போய்ச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, தங்கமான மனுஷன், முப்பது வயதுகூட ஆகவில்லை. பால்பாண்டி அவரைத் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே பிடித்துவிட்டார்.

"ஐயா, ஈரம் காயுது. அதிகாரிகளை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு எழுதிட்டாகன்னா நான் நாளான்னைக்கே வெதச்சிருவேன்."

"அண்ணாச்சி, நான் எழுதினா செல்லாது. ஆர்.ஐ. பாக்கணும், விவசாய ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு பாக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணா வரணும். ஒரு ஜீப்பு, பதினாலு ஊரு. நம்ம ஊரு பதிமூணாவது."

"பதிமூணை மொதல்ல பாத்தா ஆகாதா?"

"மொதல்ல இருக்கவன் விடுவானா அண்ணாச்சி?"

"அப்ப நான் வெதச்சுக்கிடவா?"

பீர் மைதீன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "வெதச்சிராதீய. ரெண்டரை ஏக்கருக்கு வெத வருது, ரொக்கம் வருது. செத்தப் பொறுத்துக்கிடுங்க. ஒங்க நல்லதுக்குச் சொல்லுதேன்."

நல்லதுக்குத்தான் சொன்னார். அதில் சந்தேகமே இல்லை.

பால்பாண்டி திரும்பி வந்து வரப்பில் உட்கார்ந்தார். கண் முன்னால் ஈரம் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கு நாளாக உடம்பில் ஏதோ நோவு வந்தவர் மாதிரி இருந்தார், சரியாகச் சாப்பிடவில்லை. மழை பெய்த நிலத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க அந்த உடம்பு பழகவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காடு நனைந்தால், விதைப்பு எப்போது நடந்தாலும் சரி, வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி விதை உடனே கன்னி மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். காட்டின் தென்மேற்கு மூலை. அதற்கு நாள் விதை என்று பேர். வந்த மழைக்கு வாசலில் நின்று 'வாங்க' என்று சொல்வது மாதிரி அது. சொல்லாவிட்டால் அந்த மழை அடுத்த முறை அந்தக் காட்டை எட்டிப் பார்க்காது என்று அவருடைய அப்பா நம்பினார், அவரும் நம்பினார், சீனியம்மாளும் நம்பினாள்.

"வீட்ல என்ன வெத இருக்கு?" என்று கேட்டார்.

"வெதைக்கு எங்க போக? கொழம்புக்கு வச்ச மல்லி இருக்கு."

"எடு."

அவள் டப்பாவைக் கவிழ்த்து ஒரு கைப்பிடி எடுத்தாள். கொடுக்கும்போது யோசித்தாள். "ஏங்க, வெதைக்கப்படாதுன்னு சொன்னாகள்லா?"

"இதாடி வெதப்பு? சாமிக்குப் போடுறது. ஒரு கைப்பிடி மல்லியப் பாத்து எவன் என்ன சொல்லப் போறான்?"

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. மல்லியை முழுசாகப் போட்டால் சரியாக முளைக்காது என்று செங்கல்லால் லேசாகத் தேய்த்து இரண்டிரண்டாக உடைத்துக் கொடுத்தாள். அவர் கன்னி மூலையில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மண்ணைக் கொத்தி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, தூவி, மூடினார். அன்றைக்கு ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

மழை விட்ட ஆறாம் நாள் கரிசல் வெடிக்க ஆரம்பித்தது. அந்த வருஷ ஈரம் முடிந்தது. இனி மானியம் மட்டும்தான்.

தூவிய பன்னிரண்டாம் நாள் மல்லி முளைத்தது. மார்கழிப் பனியில் நனைந்து, கருகிய காட்டின் ஓரத்தில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் பச்சையாக நின்றது. கருத்தம்மாதான் முதலில் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"கொழுந்தனாரே, அதப் பிடுங்கிப் போடும்."

"நாள் வெத மதினி."

"எந்த வெதையா இருந்தா என்ன? பச்சை தெரியுதுல்லா? வண்டிப்பாதை ஓரத்துலல்லா நிக்கு!"

அவர் போய் அதன் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். கையையும் நீட்டினார். ஆனால் முளைத்த விதையைப் பிடுங்க, அதுவும் கன்னி மூலையில் முளைத்ததை! களை பிடுங்கியிருக்கிறார், காய்ந்த மார் பிடுங்கியிருக்கிறார், இதை எப்படிப் பிடுங்குவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டார். நாளைக்கும் அதையேதான் செய்தார். சீனியம்மாள் அதன்மேல் காய்ந்த மாரைப் போட்டு மூடலாமா என்று கேட்டாள். "அப்பப் பச்சப்புள்ள முகத்துல துணியப் போட்டு மூடுவியா?" என்றார்.

மார்கழி எட்டாம் தேதி ஜீப் வந்தது. வண்டிப்பாதையில் ஆடி ஆடி வந்து, சரியாகக் கன்னி மூலையில் நின்றது. ஆர்.ஐ. இறங்கினார். பின்னால் விவசாய ஆபீஸ்காரர், பின்னால் அட்டையும் பேனாவுமாகப் பீர் மைதீன். பால்பாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

"இது என்னய்யா?" ஆர்.ஐ. குனிந்து பார்த்தார்.

"மல்லிங்கய்யா."

"மல்லின்னு தெரியுது. எப்ப வெதச்ச?"

"வெதைக்கலங்கய்யா."

"வெதைக்காம மொளைச்சுச்சா?"

விவசாய ஆபீஸ்காரர் சிரித்துவிட்டார். பால்பாண்டி நாள் விதை, கன்னி மூலை, மழை, அப்பா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப் பார்த்தார், எதுவும் முழுசாக வரவில்லை.

பீர் மைதீன்தான் குறுக்கே வந்தார். "சார், ஒரு கட்டில் அளவுதான் சார். மிச்சம் ரெண்டரை ஏக்கரும் பட்டுக் கெடக்கு, பாருங்க. ஒரு செடி பிடுங்கல. இவரு ஒரு மாசத்துக்கு மேல இங்கனயே காவல் கெடக்காரு."

"பீர் மைதீன், பாரத்துல என்ன கேட்டிருக்கு? 'மறு பயிர் உண்டா, இல்லையா?' எம்புட்டுன்னு கேட்டிருக்கா?"

"இல்ல சார்."

"ஒரு சர்வே நம்பருக்கு ஒரு பதில்தான். போன வறட்சியில ஒருத்தருக்குப் பாவம் பாத்து மாத்தி எழுதினேன். ஆடிட்ல புடிச்சு ரெண்டு வருஷம் இன்கிரிமெண்ட்ட நிப்பாட்டிட்டான். இப்ப இவருக்கு நான் பாவம் பாத்தா, எனக்கு யாரு பாவம் பாப்பா?"

அவர் கெட்டவர் இல்லை. காசு கேட்கவில்லை, அதட்டவில்லை. பேனாவைத் திறந்தார், அவ்வளவுதான்.

பால்பாண்டி சட்டென்று மண்டி போட்டார். காலில் விழப் போகிறார் என்று நினைத்து ஆர்.ஐ. பின்னால் நகர்ந்தார். ஆனால் அவர் மல்லியைப் பிடுங்க ஆரம்பித்தார். இரண்டு கையாலும், கொத்துக் கொத்தாக, வேரும் மண்ணுமாக! முளைத்த நாளிலிருந்து தொட மனசு வராத அந்தப் பச்சையை ஒரு நிமிஷத்தில் பிடுங்கித் தள்ளினார். மல்லி வாசம் குப்பென்று எழுந்தது. "இந்தா இல்லங்கய்யா. இப்ப இல்லங்கய்யா. இல்லைன்னு எழுதிக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கினார்.

விவசாய ஆபீஸ்காரர் இப்போது சிரிக்கவில்லை.

"ஏய்யா," என்றார் ஆர்.ஐ., குரல் இறங்கிப்போய், "இத நேத்தே செஞ்சிருக்கப்படாதா? பாத்தாச்சே. பாத்தத எப்படிய்யா பாக்கலன்னு எழுத?"

'உண்டு' என்று எழுதினார். பக்கத்தில் கருத்தம்மா காட்டுக்குப் போனார்கள். அங்கே 'இல்லை' என்று எழுதினார்கள்.

தை மாதம் மூன்று திங்கட்கிழமை அவர் தாலுகா ஆபீஸுக்கு மனுவோடு போனார். வெளியில் மனு எழுதுகிறவர் 'தாசில்தார் அவர்கள் சமூகத்துக்கு' என்று ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது திங்கட்கிழமைதான் ஒரு கிளார்க் முழுசாகப் படித்தார்.

"ரிப்போர்ட்டுல மறு பயிர் உண்டுன்னு இருக்கு. மாத்தணும்னா மறுபடி வந்து எடத்தப் பாக்கணும்."

"வாங்கய்யா. இப்பவே வந்து பாருங்க. ஒண்ணும் கெடையாது."

"அன்னைக்கு இருந்தது இன்னைக்கு இல்லைன்னா என்ன அர்த்தம்? நீரு அழிச்சிட்டீருன்னு அர்த்தம். அது இன்னும் மோசம்லா?"

பால்பாண்டி மனுவை மடித்து மடியில் வைத்தார். கிளார்க் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் விலகி வழி விட்டார்.

தை முடிவதற்குள் பொன்னுராஜோடு பஸ் ஏறிவிட்டார். அதற்குள் சீனியம்மாள் பருத்திமாரை எல்லாம் பிடுங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். யாரும் தடுக்கவில்லை.

மானியம் வாங்கியவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தம்மா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"வெத வந்துட்டு கொழுந்தனாரே, ரோஸ் கலர்ல. இந்த வெயில்ல எங்க போயி வெதைக்க? மாட்டுக்காவது வைக்கலாம்னா, மருந்து போட்ட வெதையாம், தின்னா மாடு செத்துருமாம்."

"ரொக்கம்?"

"அது சித்திரையில வருமாம். எந்த வருசத்துச் சித்திரைன்னு கேக்கல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சீனியம்மாள் மட்டும் அந்த ரோஸ் நிற விதையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

கம்பெனியில் பால்பாண்டிக்குக் காயப்போடுகிற வேலை. வெளுத்த துணியைக் காடாட்டம் நீண்ட சிமெண்டுக் களத்தில் நீளநீளமாக விரிக்க வேண்டும், காய்ந்ததும் சுருட்ட வேண்டும். அங்கே எல்லோருக்கும் ஒரே எதிரிதான். மழை! ஒரு தூறல் விழுந்தாலும் துணி கறை பிடித்துவிடும், திரும்ப வெளுக்க வேண்டும். பால்பாண்டிக்கோ மழை வருவது மூக்கில் தெரியும். சூப்பர்வைசருக்கு அவர்மேல் ஏகப்பட்ட பிரியம். "இந்த ஆளு ரேடியோவ விட மேல்" என்று முதலாளியிடமே சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு மத்தியானம். வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. பால்பாண்டி நிமிர்ந்து மேற்கே பார்த்துவிட்டு "வருது, சுருட்டுங்க!" என்று கத்தினார். பத்துப் பேர் ஓடினார்கள். கடைசிச் சுருள் கொட்டகைக்குள் போகவும், மழை அடித்து ஊற்றவும் சரியாக இருந்தது.

பொன்னுராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் தோளில் தட்டினான். "அத்தான் இல்லைன்னா இன்னைக்கு ஆயிரம் மீட்டர் போயிருக்கும்!"

அவர் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எம்புட்டு ஆழம் எறங்கியிருக்கும் மாப்ள?"

"சிமெண்டுத் தரையில எங்கத்தான் எறங்க?"

"ஆமா, இல்ல?" என்றார்.

அந்தப் புரட்டாசியில் விதைப்பதற்கு மூன்று நாள் லீவு கேட்டிருந்தார். போனால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள். அதற்கடுத்த வருஷம் லீவு கிடைத்தது, உழவு மாட்டுக்கு வாடகை கொடுக்கக் கையில் இல்லை. அதற்கடுத்த வருஷம் கேட்கவே இல்லை. இரண்டரை ஏக்கரிலும் வேலிக்கருவை முள் தானாக முளைத்தது. அதற்கு மழையும் வேண்டாம், மானியமும் வேண்டாம்.

1991 பிப்ரவரியில் ஊருக்கு ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்தார்கள். எலிமெண்டரி ஸ்கூல் டீச்சர் கிருபாபாய்தான் ஓடைப்புதூருக்கு. வீடு வீடாக வந்து, பால்பாண்டி வீட்டில் நாற்காலி இல்லாததால் ஆட்டுரலில் உட்கார்ந்து எழுதினார்.

"வீட்டுக்காரரு என்ன தொழில்?"

"பேண்டேஜ் கம்பெனி" என்றாள் சீனியம்மாள்.

"சம்சாரி" என்றார் பால்பாண்டி. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நெலம் இருக்காய்யா?"

"ரெண்டரை ஏக்கர் இருக்கு டீச்சர். பட்டா எம் பேர்லதான்."

"போன வருசம் என்ன வெதச்சீய?"

அவர் வாசலுக்கு வெளியே பார்த்தார்.

"அதுக்கு முந்துன வருசம்?"

சீனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைத் திருகினாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. இரக்கப்பட்டவர் மாதிரி பேப்பரைத் திருப்பினார். "இந்தா, துணைத் தொழில்னு ஒரு எடம் இருக்கு. கொஞ்ச நாள் பாத்த வேலையாக் கூட இருக்கலாம். ஒழுதது, களை வெட்டினது, முள்ளு வெட்டினது, எதாவது சொல்லுங்க, நான் சம்சாரின்னே எழுதிருதேன்."

ஒரு பொய் சொன்னால் போதும். முள் வெட்டினேன் என்றால் போதும். சீனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள், சொல்லும் என்கிற மாதிரி.

"ஆடியில ஒரு நா போனேன் டீச்சர்."

"போயி?"

"நின்னு பாத்துட்டு வந்தேன்."

கிருபாபாய் டீச்சர் பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். பிறகு எதுவும் கேட்காமல் எழுதினார். பால்பாண்டி கழுத்தை நீட்டிப் பார்த்தார், எழுத்து சரியாகத் தெரியவில்லை.

"என்ன போட்டிருக்கீய டீச்சர்?"

"மருத்துவத் துணி தயாரிப்பு. கூலி."

"அந்தத் துணைத் தொழில்ல?"

"கோடு போட்டிருக்கேன்யா."

அவர் தலையாட்டினார். இரண்டு மணி ஷிப்ட்டுக்கு நேரமாகியிருந்தது. சீனியம்மாள் தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுக்க, வாங்கிக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்க்க நடந்தார். டீச்சர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். கருத்தம்மா உள்ளேயிருந்து, "யாரது, மானியத்துக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.